லீவு சார்ட்டும் ஒரு சனிக்கிழமையும்

டைம் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவளைத் தேடி யாரும் சும்மா வருவதில்லை, "சாப்டீங்களாக்கா?" என்று ஆரம்பித்தால் ஒரு நாள் லீவு, "பசங்க எப்டி கீறாங்க?" என்று ஆரம்பித்தால் மூன்று நாள்.

ஆஸ்பத்திரியில் டூட்டி சார்ட் போடும் சிஸ்டர்களே, பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு நாள் ஒதுக்குகிறவர்களே, பள்ளிக்கூடத்தில் பரீட்சை ஹாலுக்கு ஆள் போடும் டீச்சர்களே, நீங்களெல்லாம் நம் கூட்டம். புதுக் காலண்டர் வந்ததும் மற்றவர்கள் அதில் சாமி படம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாம் நேராகச் சிவப்பு எழுத்துக்குத்தான் போவோம்.

நான் கர்நாடகத்தில் மாலூர் பக்கம் ஒரு ஒயரிங் கம்பெனியில், ஆள் வருகையும் லீவும் கணக்கு வைக்கும் டைம் ஆபீஸைப் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து அனுப்புகிற கம்பெனி. லைனில் ஐம்பத்திரண்டு பேர். அதில் நாற்பத்தொரு பேர் என்னைப் போலத் தங்கவயல் தமிழர்கள். கோரமண்டலிலும் பாலகாட்டிலும் இருந்து காலை ரயிலைப் பிடித்து வருகிறவர்கள். மிச்சம் பதினோரு பேர் பங்காருபேட்டை பக்கத்துக் கன்னடக்காரர்கள், தெலுங்குக்காரர்கள். இவர்கள் எல்லோருடைய லீவும் என் சார்ட் வழியாகத்தான் போகும். இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. ஆனாலும் ஒரு வருஷம் அந்தச் சார்ட் என் கையை விட்டே போக இருந்தது. அந்த வருஷத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

ஐந்து நாளுக்கு அடிதடி

எங்கள் கம்பெனியில் வருஷத்துக்குப் பத்து நாள் பண்டிகை விடுமுறை. அதில் ஐந்தை அரசாங்கமே சொல்லிவிடும்: குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் ஒன்றாம் தேதி கன்னட ராஜ்யோத்சவம். மிச்சம் ஐந்தை டிசம்பர் மாதம் தொழிலாளர்களோடு உட்கார்ந்து முடிவு பண்ண வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். பொங்கல் வேண்டும், யுகாதி வேண்டும், புனித வெள்ளி வேண்டும், ரம்ஜான் வேண்டும், வரமகாலட்சுமி வேண்டும், பிள்ளையார் சதுர்த்தி வேண்டும், ஆயுத பூஜை வேண்டும், தீபாவளி வேண்டும், கிறிஸ்துமஸ் வேண்டும். இதில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அடிக்க வேண்டும். அடிக்கிற பென்சில் என் கையில் இருக்கும்.

பட்டியலில் ஏறாத பண்டிகைகளுக்குத்தான் என் சார்ட். யாருக்கு எந்த நாள் முக்கியமோ அந்த நாள் அவருக்கு லீவு. அவர் இடத்தில் வேறு ஒருவர் நிற்பார். இவர் பண்டிகைக்கு அவர் வந்து நிற்பார். புனித வெள்ளிக்கு இந்துக்கள் லைனை ஓட்டுவார்கள், ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் கிறிஸ்தவர்கள் ஓட்டுவார்கள். அதற்காகவே என் சார்ட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் எந்த மதம் என்று ஒரு கட்டம் உண்டு. அந்த டிசம்பர் கூட்டத்தில் இதையெல்லாம் விளக்கிச் சொல்லி, பொங்கல், யுகாதி, ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று ஐந்தை எழுதி முடித்தபோது டீ ஆறிப் போயிருந்தது. டெஸ்டிங் டேபிளில் வேலை செய்யும் மஞ்சுநாத், பங்காருபேட்டைக்காரர், தம் வரமகாலட்சுமி போன வருத்தத்தில் எழுந்தார்.

"முப்பத்து முக்கோடி தேவருங்கள்ள அஞ்சு பேரை மட்டும் செலக்ட் பண்ணா, மிச்சம் பேர் ஸ்ட்ரைக் பண்ண மாட்டாங்களா அக்கா?"

மாடு இல்லாத மாட்டுப் பொங்கல்

கர்நாடகத்தில் சங்கராந்தி ஒரே நாள். நமக்கு அப்படியா? பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று மூன்று நாள் இழுக்கும். பட்டியலில் இருந்தது திங்கட்கிழமை ஒரு நாள்தான். செவ்வாய்க்கிழமை காலை நான் வண்டியை விட்டு இறங்கும்போதே சந்தேகம் வந்துவிட்டது, பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. லைனில் பாதிக்கு மேல் ஆள் இல்லை. பத்து மணிக்கு லைன் நின்றது. ஒருவரும் என்னிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை.

புது மேனேஜர் புனேயிலிருந்து வந்து அப்போது இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவர் இந்தியில் பேசுவார், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். கூப்பிட்டு உட்கார வைத்து, குரலை உயர்த்தாமல் சொன்னார். இந்த வருஷம் இன்னொரு நாள் இப்படி லைன் நின்றால், அடுத்த ஜனவரியிலிருந்து லீவு விஷயம் முழுக்க ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். முப்பது நாள் முன்னால் போனில் பதிய வேண்டும், முதலில் பதிந்தவருக்கு லீவு, மற்றவர்களுக்கு இல்லை. யாரும் யாருக்காகவும் மாற்றி நிற்க முடியாது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஆடி மாதம் தெரியுமா, புனித வெள்ளி தெரியுமா? எங்கள் ஊர்க்காரர்களின் நல்ல நாள் எல்லாம் யார் வேகமாக பட்டனைத் தட்டுகிறார்கள் என்பதில் போய் நிற்க வேண்டுமா?

மறுநாள் முதல் வேலையாக முருகேசனைப் பிடித்தேன். ஒயர் முனைகளுக்கு டெர்மினல் அடிக்கிறவன், பாலகாட்காரன், வராதவர்களில் முதல் ஆள். மாட்டுப் பொங்கலுக்கு லீவு போட உன்னிடம் மாடு இருக்கிறதா என்று கேட்டேன்.

"மாடு இல்லக்கா. மாமியார் வீடு கீது."

இரண்டு புது வருஷம்

ஏப்ரல் வந்தது. செவ்வாய்க்கிழமை யுகாதி, பட்டியலிலேயே இருந்தது, பிரச்சினை இல்லை. லைன் கணக்கில் சேராத ஸ்டோர் ஆட்கள் இரண்டு பேருக்கு வியாழக்கிழமை ரம்ஜான், அதற்கு ஆள் மாற்றிவிட்டேன். ஏப்ரல் பதினாலு, அம்பேத்கர் ஜெயந்தியும் தமிழ்ப் புத்தாண்டும் ஒரே நாளில் வருகிற நாள், ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்திருந்தது. எங்கள் ஊரில் அன்றைக்கு ஊர்வலம், மேளம், நீலக் கொடி என்று தெருவே நிறைந்திருக்கும். பந்தல் போடுகிறவர்களுக்குச் சனிக்கிழமை பாதி நாள் விட்டு, அவர்கள் இடத்தில் மற்றவர்களை நிறுத்தினேன். லைன் ஓடியது. மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பாராட்டு என்று நானே எடுத்துக்கொள்வேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது முருகேசன் வந்து, பசங்க எப்டி கீறாங்க என்றான். புத்தாண்டு ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறதாம், அதற்குப் பதில் திங்கட்கிழமை வேண்டுமாம். அவன் அம்மா தெலுங்கு, அப்பா தமிழ். உனக்குத்தான் செவ்வாய்க்கிழமையே யுகாதி லீவு கொடுத்தாயிற்றே, வருஷத்துக்கு எத்தனை புது வருஷம் உனக்கு என்றேன்.

"அது எங்கம்மாவோட வருஷம்க்கா. எங்கப்பாவுக்கு இன்னும் வருஷமே பொறக்கலியே."

ஹெட் ஆபீஸ் சாண்ட்விச்

ஆகஸ்டில் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. விடுமுறை நாளுக்கு முன்னாலும் பின்னாலும் முழு நாள் லீவு போட்டால் நடுவில் இருக்கும் விடுமுறையும் லீவாகவே கழியும். இதற்குப் பெயர் சாண்ட்விச் ரூலாம். இரண்டு பக்கமும் ரொட்டியை வைத்து நடுவில் இருப்பதை அவர்கள் சாப்பிட்டுவிடுவார்கள். மஞ்சுநாத் வீட்டில் வெள்ளிக்கிழமை வரமகாலட்சுமி. கலசத்துக்குப் பூ, தேங்காய், புடவை வாங்க அவர் புதன்கிழமையும் லீவு கேட்டிருந்தார். நடுவில் வியாழக்கிழமை சுதந்திர தினம். ரூல்படி அதுவும் போய்விடும்.

எனக்கு இந்த மாதிரி முடிச்சை அவிழ்ப்பதென்றால் தனி உற்சாகம். சுற்றறிக்கையை மூன்று தரம் படித்தேன். 'முழு நாள்' என்றுதானே போட்டிருக்கிறான்? புதன்கிழமை மதியம் வரை வேலைக்கு வாருங்கள், ரொட்டி ஒரு பக்கம் பிய்ந்துவிடும், வியாழக்கிழமை தப்பிக்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் முகத்தில் அப்போதும் தெளிச்சல் இல்லை.

"எல்லாருக்கும் சும்னே வந்த சுதந்திரத்துக்கு நான் மட்டும் ஏன் அக்கா பாதி நாள் வேலை செய்யணும்?"

மிஷினுக்குப் பொட்டு

ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் வியாழக்கிழமை சாயந்தரமே கம்பெனியில் பூஜை போட்டோம். மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. அவரவர் கருவிக்கு அவரவர் பூஜை. என் கருவி எது? வாசலில் விரல் வைத்து வருகை பதியும் மிஷின்தான். குறை வைக்கலாமா? மிஷினைத் துடைத்து, மேலே மூன்று விரலால் சந்தனக் கீற்று இழுத்து, விரல் வைக்கும் கண்ணாடி மேல் நடுவாக அழகாகக் குங்குமம் வைத்தேன். கீழே ஒரு எலுமிச்சம்பழம்.

சனிக்கிழமை வந்தவர்களின் விரலை மிஷின் ஏற்கவே இல்லை. நான் கவலைப்படாமல் மஸ்டர் நோட்டில் வருகையைக் கையால் எழுதிக்கொண்டேன். பத்து மணிக்கு ஹெட் ஆபீஸிலிருந்து மேனேஜருக்குப் போன்: உங்கள் பிளாண்ட்டில் ஒருவர்கூட வரவில்லையா? மனிதர் அரக்கப் பரக்க லைனுக்கு ஓடிப் பார்த்தால் அத்தனை பேரும் வேலையில் இருக்கிறார்கள். என்னிடம் வந்தார். நான் மஸ்டரைக் காட்டினேன், முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். நல்ல வேளை, அன்றைக்கு லைன் நின்றதாக எழுதாமல் விட்டார்.

"மேடம், மிஷினுக்குப் பொட்டு வைத்தது சரி. அதன் கண்ணிலேயே வைத்தால் அது எப்படி ஆளைப் பார்க்கும்?"

நடுவில் நின்ற சனிக்கிழமை

அக்டோபர் கடைசி வாரம். வியாழக்கிழமை தீபாவளி. வெள்ளிக்கிழமை நவம்பர் ஒன்று, ராஜ்யோத்சவம். ஞாயிறு எப்போதும் போல ஞாயிறு. நடுவில் தனியாக நின்றது சனிக்கிழமை. கன்னடக்காரர்களுக்கு அன்றுதான் பலிபாட்யமி, அவர்களுடைய தீபாவளியில் பெரிய நாள். கத்தோலிக்கர்களுக்கு அன்று கல்லறைத் திருநாள். செத்தவர்களை நினைத்துக் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி, சர்ச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும் நாள். மிச்சமிருந்தவர்களுக்கு, ஒரு சனிக்கிழமை கிடைத்தால் நான்கு நாள் வீட்டில் இருக்கலாமே என்ற நப்பாசை. மேனேஜரோ, திங்கட்கிழமை காலை லாரி கிளம்ப வேண்டும், சனிக்கிழமை லைன் ஓடியே ஆக வேண்டும், இருபத்தினாலு பேருக்கு ஒருவர் குறைந்தாலும் லைன் நகராது என்றார். ஜனவரி விஷயத்தை அவர் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்த வேண்டிய அவசியமும் இல்லை.

நான் கட்டம் கட்டமாகப் போட்டேன். கன்னட, தெலுங்குக்காரர்கள் பதினோரு பேருக்கு லீவு. கிறிஸ்தவர்கள் பதினேழு பேருக்கு லீவு. இந்துத் தமிழர்கள் சரியாக இருபத்தினாலு பேர்; வியாழக்கிழமையோடு அவர்கள் தீபாவளி முடிந்தது, அவர்கள் வரட்டும். அவர் கேட்டது இருபத்தினாலு, என்னிடம் இருந்தது இருபத்தினாலு. நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் நின்று பார்த்து ரசித்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முருகேசன் வந்தான். சாப்டீங்களா என்று கேட்கவில்லை, பசங்களையும் விசாரிக்கவில்லை. சனிக்கிழமை கல்லறைக்குப் போக வேண்டும் என்றான். வியாழக்கிழமை பட்டாசு கொளுத்துகிற ஆளுக்குக் கல்லறையில் என்ன வேலை என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு அடுத்த வாசல் பிலோமினா அத்தை. பிள்ளை குட்டி கிடையாது. இவன் அம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் இவனுக்குச் சோறு போட்டு, மூக்கைத் துடைத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அந்த அம்மாள்தான். அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற இவனை விட்டால் ஆள் இல்லை. இத்தனை வருஷம் அன்றைக்கு நீ வேலையில்தானே இருந்தாய் என்று கேட்டேன்.

"இன்னாக்கா, வருஷா வருஷம் நவம்பர் ரெண்டாந் தேதி எனக்குப் பல்லு வலிக்குதே, நீங்க பாக்கலியா?"

பல்வலிக்காரர்கள்

பழைய மஸ்டர்களை எடுத்துப் புரட்டினேன். உண்மைதான். ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும் ஒருவருக்குப் பல்வலி, ஒருவருக்கு வயிற்றுவலி, ஒருவருக்கு வீட்டில் விருந்தாளி. எல்லாம் இந்துப் பெயர்கள். பதினோரு வருஷமாக என் கையாலேயே எழுதியிருக்கிறேன், கண்ணில் படவில்லை. அன்று சாயந்தரத்துக்குள் இருபத்தினாலு பேரில் பதிமூன்று பேர் வந்து சொல்லிவிட்டார்கள். ஒருவருக்கு மனைவியின் தம்பி, ஒருவருக்கு கூடப் படித்த சிநேகிதன், இரண்டு பேருக்கு ஒரே டீச்சர். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்த ஊர் எங்களுடையது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஆள் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? இதைக் கண்டுபிடிக்க எனக்கு மஸ்டரே தேவையில்லை. என் அக்கா சாந்தா ஒரு கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டு தெரேசா ஆனவள். ஒன்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். கல்லறைத் திருநாள் அன்று வேலை முடிந்து வண்டி பிடித்து நான் போய்ச் சேரும்போது பூசை முடிந்திருக்கும், இருட்டியிருக்கும், ஜனம் கலைந்திருக்கும். நான் பாட்டுக்கு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு வருவேன். ஆனால் சார்ட் போட உட்கார்ந்தால் மட்டும் கட்டத்தில் மதம் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் பார்த்தேன்.

பதிமூன்று போனால் பதினொன்று. லைன் நிற்கும், சார்ட் போய்விடும். பயந்தேன். திரும்பி வரும்போது வண்டியில் ஆரோக்கியமேரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மேரி எங்கள் லைன் லீடர், என்னோடு பள்ளியில் படித்தவள், அவளுடைய அப்பாவும் அம்மாவும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் அவள் சொன்னதை நான் அன்றுவரை யோசித்ததே இல்லை. புல் பிடுங்குவது, சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் முதல் நாளே ஆகிவிடும், இந்த முறை முதல் நாள் வெள்ளிக்கிழமை, அது எல்லோருக்கும் விடுமுறை. சனிக்கிழமை சாமியார் வருவது சாயந்தரம் ஐந்து மணிக்கு. அதுவரை வீட்டில் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள். காலையில் வெள்ளென ஆரம்பித்து மதியத்தோடு முடித்து, ஐந்து மணிக்குள் ஊர் சேர்த்துவிட்டால் பதினேழு கிறிஸ்தவர்களும் வேலைக்கு வருவார்கள், பதிமூன்று பல்வலிக்காரர்களும் வருவார்கள். சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"நீ பாட்டுக்குப் பூரா நாள் லீவைக் குடுத்துடற. எங்களுக்கு இன்னா வேணும்னு ஒரு தபாவாவது கேட்டுக்கிறியா?"

மேனேஜரிடம் ஒரு பஸ்

மறுநாள் மேனேஜர் அறைக்குள் போகும்போது நான் பழையபடி ஆகிவிட்டிருந்தேன். நீங்கள் கேட்டது இருபத்தினாலு பேர், நான் தருவது நாற்பத்தொரு பேர் என்று ஆரம்பித்தேன். ஆள் அதிகம், அதனால் நேரம் குறைவாக இருந்தாலும் வேலை முடியும். காலை ஏழரைக்கு ஆரம்பித்து மதியம் இரண்டரைக்கு முடிப்போம். பதிலுக்கு எனக்கு ஒரே ஒரு பஸ் வேண்டும். காலையில் கோரமண்டல் ஸ்டேஷன் வாசலில் ஏற்றிக்கொள்ள வேண்டும், மதியம் நேராகக் கல்லறைத் தோட்டத்து வாசலில் இறக்கிவிட வேண்டும். பலிபாட்யமிக்காரர்கள் பதினோரு பேருக்கும் லீவு அப்படியே இருக்கும், அதில் கை வைக்கக் கூடாது.

அவர் சார்ட்டை வாங்கிப் பார்த்தார். நாற்பத்தொரு பேரும் பண்டிகை உள்ள நாளில் வருவார்கள் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். பண்டிகை இருப்பதால்தான் வருவார்கள் சார் என்றேன். போனைக் கையில் எடுத்தார்.

"எல்லோரும் வந்தால் ஜனவரியிலும் சார்ட் உங்களுடையது. ஒருவர் குறைந்தாலும் கம்ப்யூட்டர்தான். பஸ்ஸுக்குச் சொல்லிவிடுகிறேன்."

கல்லறைத் தோட்டத்து வாசல்

சனிக்கிழமை காலை பஸ்ஸில் எண்ணினேன், நாற்பது. மறுபடி எண்ணினேன், அதே நாற்பது. முருகேசன் இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். இன்னும் ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினேன். இன்றைக்குப் பார்த்து உண்மையாகவே பல்வலி வந்துவிட்டதோ என்று நினைக்கும்போது, ஒரு கையில் சாமந்தி மாலையும் மறு கையில் மெழுகுவர்த்தி பாக்கெட்டுமாக ஓடி வந்தான். திட்டக்கூட எனக்குத் தெம்பு இல்லை. அன்றைக்கு லைனில் கருவி மாட்டும் ஆணிகளிலெல்லாம் பூப்பை தொங்கியது, ஷெட் முழுக்கச் சாமந்தி வாசனை. யாரும் கதை பேசவில்லை, யாரும் டீக்குப் போய்த் தங்கவில்லை. இரண்டே காலுக்குக் கடைசிக் கட்டு பெட்டிக்குள் போயிற்று. மேனேஜர் மஸ்டரில் விரல் வைத்து நாற்பத்தொரு பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தார், கீழே கையெழுத்துப் போட்டார், லீவு விஷயம் இங்கேயே இருக்கட்டும் என்று என் கண் முன்னாலேயே ஹெட் ஆபீஸுக்கு எழுதினார். நான் ஜெயித்துவிட்டேன். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருந்தார்கள்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கினோம். எல்லோரும் அவரவர் ஆட்களைத் தேடிப் பிரிந்தார்கள். பிலோமினா அத்தைக்கு முருகேசன் மாலையைப் போட்டு, காற்றுக்குக் கையைக் குவித்து மெழுகுவர்த்தியை ஏற்றினான். நான் அக்காவிடம் போனேன். அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு வெளிச்சத்தில் அங்கே நான் நின்றதே இல்லை. சிலுவையில் அவள் பெயர் முழுதாக இருந்தது, சாந்தா தெரேசா என்று. அம்மா வைத்த பெயரை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. இருட்டில் வந்து இருட்டில் போனவளுக்கு எப்படித் தெரியும்? அப்படியே உட்கார்ந்து அழுதேன். சாமியார் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார், என் மேலும் நாலு துளி விழுந்தது.

மேரி தன் அப்பா அம்மாவுக்கு ஜெபம் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் எங்களுக்கெல்லாம் லீவு குடுத்தியே, நீ ஏன் ஒரு நாள்கூட எடுக்கவில்லை என்று கேட்டாள். யாரிடம் போய்க் கேட்பது, சார்ட் போடுகிறவளே நான்தானே என்றேன். அவள் தன் மெழுகுவர்த்தியில் ஒன்றை எடுத்து அக்கா தலைமாட்டில் நட்டாள்.

"இனிமே நவம்பர் ரெண்டாந் தேதின்னா உனுக்கு லீவு. நான் எழுதித் தர்றேன், நீ கையெழுத்து மட்டும் போடு."

ஆக, சார்ட் போடும் சொந்தங்களே, ஐம்பத்திரண்டு பேருக்கு லீவு கொடுப்பதில் கெட்டிக்காரியான எனக்கு, எனக்கென்று ஒரே ஒரு நாள் வாங்கிக்கொள்ள ஒன்பது வருஷமும் ஒரு ஆரோக்கியமேரியும் வேண்டியிருந்தது.